சொன்ன கருத்தை மாற்றிக்கொள்வது எப்படி

பலர் முன்னிலையில் ஒரு கருத்தை உறுதியாகச் சொல்லிவிட்டோம். பிறகு கிடைத்த செய்தியோ அனுபவமோ அது சரியில்லை என்று காட்டுகிறது. அப்போது எது உண்மை என்ற கேள்வியைவிட, மாற்றிச் சொன்னால் 'வாக்கு மாறியவர்', 'பல்டி அடித்தவர்' என்ற பெயர் வந்துவிடுமே என்ற அச்சமே நம்மில் பெரும்பாலோரை வாட்டுகிறது. அந்த அச்சத்தால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று கடைசிவரை சாதிப்பவர்கள் உண்டு. ஓசைப்படாமல் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, "நான் எப்போதும் இதைத்தானே சொல்லிவந்தேன்" என்பவர்களும் உண்டு. இரு சாராரையும் நான் கோழைகள் என்றே கருதுகிறேன். ஒருவர் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அது துணிவா பலவீனமா என்று தீர்ப்பளிக்க முடியாது. மாற்றத்தின் காரணத்தை, பழைய கருத்தைக் கேட்ட அதே மனிதர்களின் முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடிகிறதா என்பதைக் கொண்டுதான் அதை அளக்க வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய நிலைக்கு வந்து சேர்வதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு தடையை நீக்கிக்கொள்வது நல்லது. "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு" என்ற குறளைச் சொல்லி, ஒரு முறை முடிவெடுத்தபின் மறுபடி யோசிப்பதே இழிவு என்று வாதிடுவோர் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். யோசிக்காமல் ஒரு செயலில் இறங்கிவிட்டு, யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதைத்தான் வள்ளுவர் அங்கே கண்டிக்கிறார். அதே தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் அதற்கு முந்தைய குறள், செய்யத் தகாததைச் செய்வதாலும் கேடு வரும், செய்யத் தக்கதைச் செய்யாமல் விடுவதாலும் கேடு வரும் என்கிறது. அடுத்த குறளோ, முறையான வழியில் அமையாத முயற்சி பலர் துணை நின்று காத்தாலும் பழுதுபட்டுப் போகும் என்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், தவறான வழியில் பிடிவாதமாக நடந்துகொண்டேயிருக்க அந்த அதிகாரம் யாருக்கும் அனுமதி தரவில்லை என்பது விளங்கும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில், பழைய கருத்தைச் சொன்ன நாளுக்குப் பிறகு உங்களுக்குப் புதிதாகத் தெரியவந்தவற்றை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அது எப்படித் தெரிந்தது என்பதையும் குறியுங்கள். 'நேரில் பார்த்தேன்' என்பதும் 'வாட்ஸ்அப்பில் வந்தது' என்பதும் ஒரே மதிப்புடையவை அல்ல. வலப்பக்கத்தில், நீங்கள் மாறினால் யார் மகிழ்வார்கள், யார் வருந்துவார்கள், உங்களுக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருந்து வலப்பக்கம் நிரம்பி வழிந்தால், மாறாதீர்கள். மாறினால் உங்களுக்கு ஆதாயம் உண்டு என்பதாலேயே அந்த மாற்றம் பொய்யாகிவிடாது. ஆனால் அந்த ஆதாயத்தையும் நீங்களே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மற்றவர் கண்டுபிடித்துச் சொன்னால் உங்கள் உண்மையான காரணத்தையும் எவரும் நம்பமாட்டார்.

இந்தக் கணக்கை மிகக் கடுமையாகப் போட்டுக்கொண்ட ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், 1922 பிப்ரவரியில் இருந்த காந்தியைச் சொல்வேன். அந்த மாதம் 1ஆம் தேதி அவர் வைசிராய் ரீடிங்குக்குக் கடிதம் எழுதி, பர்தோலியில் சட்டமறுப்பைத் தொடங்கப்போவதாக அறிவித்திருந்தார். நாடே அதை எதிர்பார்த்து நின்றது. 4ஆம் தேதி, கோரக்பூர் மாவட்டத்தின் சௌரி சௌராவில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் கொதித்தெழுந்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. 22 காவலர்கள் இறந்தனர். அகிம்சைக்கு நாடு ஆயத்தமாகிவிட்டது என்ற தம் கணிப்பு தவறு என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்ட காந்தி, 12ஆம் தேதிக்குள் காங்கிரஸ் செயற்குழுவைக் கொண்டு இயக்கத்தை நிறுத்திவைத்தார். ஐந்து நாள் உண்ணாநோன்பும் இருந்தார். மோதிலால் நேரு, லஜபதி ராய் முதலானோர் சிறையிலிருந்தே சினத்துடன் எழுதினார்கள். அரசும் மனம் இரங்கவில்லை. மார்ச்சில் அவரைக் கைதுசெய்து ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவருடைய வலப்பக்கத்தில் இழப்பைத் தவிர எதுவும் இல்லை. கோழை, பலவீனன் என்ற பழி வரும் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்து, கொடுத்த உறுதிமொழியை மறுப்பதைவிட அந்தப் பழியை ஏற்பதே மேல் என்று 'யங் இந்தியா'வில் அந்த வாரமே எழுதினார். இயக்கத்தை நிறுத்தியது அரசியல் கணக்கில் சரியா என்று இன்றும் வாதிடலாம். நானே அதில் முழுத் தெளிவோடு இல்லை. ஆனால் அந்த முடிவைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மாறுவது குறிக்கோளா, வழியா?

கருத்து மாறுகிறது என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது, பெரும்பாலும் மாறுவது வழி மட்டுமே. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் பலர் தேவையில்லாமல் கூனிக் குறுகுகிறார்கள். சிலர் வழியைக் கைவிடும்போது குறிக்கோளையும் சேர்த்து உதறிவிடுகிறார்கள். 1963இல் அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது இதற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று. 1962 அக்டோபரில் சீனப் போர் தொடங்கியதும் பிரிவினைப் பரப்புரையைத் தி.மு.க. நிறுத்தியது. பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி, இந்திய இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தபோது, அதை மாநிலங்களவையில் அவர் எதிர்த்துப் பேசினார். அது நிறைவேறிய பிறகு கட்சியின் குறிக்கோளையே திருத்தி எழுதினார்.

சட்டத்தின் நெருக்கடியில் நிகழ்ந்த இந்த மாற்றத்தைப் பணிந்துபோனது என்று அன்றே பலர் ஏசினார்கள். எனினும், நெருக்கடி இருந்ததை அவர் மறைக்கவில்லை. பிரிவினை கேட்கவைத்த காரணங்கள் தீர்ந்துவிட்டன என்று பாசாங்கு செய்யவும் இல்லை. காரணங்கள் அப்படியே இருக்கின்றன, கோரிக்கையை மட்டும் விட்டுவிடுகிறோம் என்று சொன்னார். மொழி, நிதி, அதிகாரப் பகிர்வு ஆகியவற்றில் இருந்த குறைகளை மாநில சுயாட்சி என்ற வேறு வழியில் கேட்கலானார். ஆகவே நீங்களும் மாறுவதற்கு முன் இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். 'இது இப்போதும் எனக்கு வேண்டும்' என்பது ஒன்று. 'இதற்காக நான் தேர்ந்திருந்த இந்த வழியை விடுகிறேன்' என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் உங்கள் மாற்றம் நீங்கள் நினைத்ததைவிடப் பெரியது. அதற்கு இன்னும் நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்முனைக்குத் தாவ வேண்டியதில்லை

பழைய கருத்து ஆட்டம் கண்டதும் அதற்கு நேர் எதிரானதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வேர்க்கடலை விஷயத்தில் நடந்துகொண்ட விதம் இதற்கு நல்ல பாடம். ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை கொடுக்க வேண்டாம் என்று 2000இல் அது அறிவுறுத்தியது. தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை தடுக்கப்படுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது. அப்போது அது 'சீக்கிரமே கொடுங்கள்' என்று சொல்லிவிடவில்லை. அதற்கும் அன்று ஆதாரம் இல்லை. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலைத் தின்பண்டம் உண்ணும் இஸ்ரேலியக் குழந்தைகளைவிட, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இந்த ஒவ்வாமை சுமார் பத்து மடங்கு அதிகம் என்ற ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 600க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஐந்து வயதுவரை கவனித்த லண்டன் ஆய்வு, சிறு வயதிலேயே கடலை உண்டவர்களிடம் ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைவு என்று 2015இல் காட்டியது. சீக்கிரம் கொடுக்கச் சொல்லும் வழிகாட்டுதல் அதன் பிறகே வந்தது. (முழுக் கடலையாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும், விழுதாகவோ மாவாகவோதான் கொடுக்க வேண்டும்; ஒவ்வாமை அறிகுறி உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டபின்பே கொடுக்க வேண்டும்.)

முதலில் சொன்னதை விலக்கிக்கொண்டு, புதிதாக எதையும் சொல்லாமல் காத்திருந்த அந்த இடைக்காலம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. "முன்பு சொன்னதை இப்போது நான் சொல்லமாட்டேன், அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை" என்பது முழுமையான, கௌரவமான ஒரு நிலை. அதில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

எங்கே சொன்னீர்களோ அங்கேயே மாற்றிச் சொல்லுங்கள்

தங்கையின் காதல் திருமணத்தை உறவினர் அத்தனை பேர் முன்னிலையிலும் எதிர்த்துப் பேசிய அண்ணன், பிறகு மனம் மாறி, அவளைத் தனியே தொலைபேசியில் அழைத்து "எனக்குச் சம்மதம்தான்" என்று சொல்வதை நம் குடும்பங்களில் பார்க்கலாம். அவர் மாறியது நல்லதுதான். ஆனால் அவருடைய எதிர்ப்பைக் கேட்டுத் தானும் எதிர்க்கத் தொடங்கிய மாமாவும் சித்தப்பாவும் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள். அந்தப் பெண் அவர்களைத் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. எதிர்ப்புக் கூடத்தில் பேசப்பட்டது என்றால் சம்மதமும் கூடத்தில்தான் பேசப்பட வேண்டும். அதற்கு நீண்ட பேச்சு வேண்டியதில்லை:

"மாமா, சித்தப்பா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்கள். பொங்கலுக்கு வந்திருந்தபோது இதே இடத்தில் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னவன் நான். பையனுக்கு நிலையான வேலை இல்லை என்று கேள்விப்பட்டு அப்படிச் சொன்னேன். பிறகு நேரில் போய் விசாரித்தேன். மூன்று வருடமாக ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறார். நான் சொன்னது தவறு. இந்தக் கல்யாணத்தில் எனக்குச் சம்மதம்."

பழைய கருத்து அவர் வாயிலிருந்தே வருகிறது. அப்போது எதை நம்பினார், பிறகு எதை அறிந்தார், இப்போது எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் வரிசையாக வருகின்றன. தவறான தகவல் தந்தவர்மேல் பழி போடவில்லை. தம்மைத் தாமே திட்டிக்கொண்டு மற்றவர்களின் ஆறுதலைத் தேடவும் இல்லை. இதில் பலரும் விட்டுவிடுவது, எது மாறியது என்ற நடுப்பகுதியைத்தான். தம் எழுத்துகளுக்கிடையே முரண்பாடு கண்டால் பிந்தியதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1933இல் 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதினார். நேர்மையான கூற்றுதான், ஆயினும் எது பிந்தியது என்று மட்டும் தெரிந்தால் வாசகருக்குப் போதாது, ஏன் மாறியது என்றும் தெரிந்தால்தான் அவராலும் அந்தத் தூரத்தை நடந்து கடக்க முடியும்.

தாமதம் பற்றி

நெருக்கடிநிலைக் காலத்தில், விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு மூலம் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்தப் பெரும்பான்மையில் இருந்த நீதிபதி பி. என். பகவதி, அது தவறான தீர்ப்பு என்று 2011இல் வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் 35 ஆண்டுகளுக்குப் பின் அதைக் கேட்டு எந்தச் சிறைக்கதவும் திறக்கப்போவதில்லை. ஆகவே, மாறிய கருத்தைச் சொல்வதற்கு உங்களுக்கு வசதியான நாளைத் தேடாதீர்கள். உங்கள் பழைய சொல்லை நம்பி யாராவது இன்று பணம் கட்டப்போகிறாரா, வேலையை விடப்போகிறாரா, மருந்தை நிறுத்தப்போகிறாரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால், உங்கள் காரணங்கள் அழகாகக் கோக்கப்படும்வரை காத்திராமல் அவரிடம் அன்றே போய்ச் சொல்லுங்கள். கூடத்தில் பேசுவதை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.

பழைய பதிவுகளையும் கடிதங்களையும் அழிக்காதீர்கள். யாராவது அவற்றை எடுத்து நீட்டினால், நாளையும் காரணத்தையும் சொல்லி "ஆம், நான் எழுதியதுதான்" என்று ஒப்புக்கொள்வது போதும்.

கடைசியாக ஒரு வேலை உண்டு. பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. நீங்கள் இப்போது வந்து சேர்ந்திருக்கும் இடத்தில் உங்களுக்கு முன்பே ஒருவர் நின்றிருப்பார். 1976இல் தனி ஒருவராக மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி எச். ஆர். கன்னா, 1977 ஜனவரியில் தலைமை நீதிபதியாகும் வாய்ப்பை இழந்தார். அவருக்கு இளையவர் நியமிக்கப்பட, அவர் பதவி விலகினார். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தள்ளியபோது, பெரும்பான்மையில் இருந்த ஒய். வி. சந்திரசூட்டின் மகனாகிய டி. ஒய். சந்திரசூட், தந்தையின் தீர்ப்பு உட்பட அந்த நால்வரின் தீர்ப்புகளும் தவறு என்றும் கன்னாவின் தீர்ப்பே சரி என்றும் எழுதினார். திராவிட நாடு நடைமுறைக்கு ஒத்துவராது என்று வாதிட்ட ஈ. வெ. கி. சம்பத்தும் 1961இலேயே தி.மு.க.வை விட்டு வெளியேற நேர்ந்தது. உங்களைச் சுற்றியும், நீங்கள் எதிர்த்தபோது அந்தப் பெண்ணுக்காகத் தனியே பேசி எல்லாரிடமும் ஏச்சு வாங்கிய ஒரு சித்தியோ பெரியம்மாவோ இருப்பார். "சித்தி அன்றைக்கே சொன்னார், நாங்கள்தான் கேட்கவில்லை" என்ற வாக்கியத்தை, கூடத்தில் பேசும்போது அவரும் அங்கே இருக்கையில் சேர்த்துச் சொல்லுங்கள்.