ரோஸ்டரோடு ஒரு பட்டம்: கொழும்பு விமானிகளுக்கான இணையவழிப் படிப்பு, படிப்படியாக

கட்டுநாயக்கவிலிருந்து பறக்கும் ஃபர்ஸ்ட் ஒஃபிசருக்கு (துணை விமானிக்கு) படிக்க நேரம் இல்லாமல் இல்லை. காலையில் சென்னை போய்த் திரும்பினால் மத்தியானத்துக்குள் வீடு. லண்டன் லேஓவரில் (திரும்பும் பறப்பு வரை அங்கே தங்கும் நேரத்தில்) ஹொட்டேல் அறையில் ஒரு முழுப் பகல். ஆனால் அந்த நேரம் எந்த நாளில் வரும் என்பது அடுத்த மாத ரோஸ்டர் (பணி அட்டவணை) கைக்கு வரும்வரை தெரியாது. பல்கலைக்கழகமோ ஆறு மாதத்துக்கு முன்பே திகதி குறித்துவிடும். இந்த இரண்டையும் பொருத்துவதுதான் இங்கே முழு வேலையும். பாடம் கடினமா, இலகுவா என்பதெல்லாம் பிறகு.

விண்ணப்பப் படிவம் நிரப்புவது, ஸூமில் சேர்வது போன்றவற்றை இதில் எழுதவில்லை. இரத்மலானையில் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: எத்தனை ஆண்டு என்று முதலில் கணக்குப் போடுங்கள்

பிரித்தானிய ஹொனர்ஸ் பட்டம் 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரப் படிப்பு என்பது அவர்களுடைய கணக்கு. ஆக மொத்தம் 3600 மணி. வாரத்துக்கு 12 மணி, ஆண்டுக்கு 45 வாரம் என்றால் 540 மணி. ஆறரை ஆண்டுக்கும் கொஞ்சம் மேலே போகும். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டம் 90 கிரெடிட், ஒவ்வொன்றும் 50 மணி, அதாவது 4500 மணி. அமெரிக்கப் பட்டம் வழக்கமாக 120 கிரெடிட். அவர்களுடைய கிரெடிட் வேறு அளவு, எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

12 மணிக்கு மேல் திட்டம் போடாதீர்கள். "மாதம் 80 மணிதானே பறக்கிறேன்" என்று தொடங்கினால் கணக்குப் பிழைக்கும். ஐரோப்பிய விதியில் 28 நாளுக்குப் பறப்பு 100 மணி வரை, கடமை நேரம் 190 மணி வரை என்று இரண்டு எல்லைகள் இருப்பது சும்மா அல்ல. உங்கள் வாழ்க்கையிலிருந்து கழிவது அந்த இரண்டாவது எண்தான். வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க போய்வரும் நேரம் அதிலும் சேராது.

படி 2: பாடத்துக்கு முன் மதிப்பீட்டு முறையைப் பாருங்கள்

இணையவழி என்ற ஒரே பெயரில் நான்கு வகை இருக்கிறது.

வாராந்தக் கலந்துரையாடல் வகை: எம்ப்ரி-ரிடில் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் 9 வாரத் தவணை. தவணை குறுகியது என்பது கவர்ச்சி. ஆனால் வாரநடுவில் ஒரு பதிவு, வார இறுதிக்குள் மற்றவர்களுக்குப் பதில் என்று ஒவ்வொரு வாரமும் கழுத்தில் நிற்கும். ஐந்து நாள் பேட்டர்ன் (தொடர் பறப்புப் பணி) ஒன்று விழுந்தால் ஒரு வாரப் புள்ளி போய்விடும்.

ஒப்படை வகை: பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் போல, ஒரு மொட்யூலுக்குச் சில பெரிய ஒப்படைகள், இடையில் பல வாரங்கள். ரோஸ்டரோடு வாழ இதுவே சிறந்தது. இரண்டு வகையும் கைக்கெட்டினால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

ஆண்டிறுதிப் பரீட்சை வகை: 1858 முதல் வெளிவாரி மாணவரைச் சேர்க்கும் லண்டன் பல்கலைக்கழகம் இந்த மரபுக்கு உதாரணம். ஆண்டு முழுதும் தொல்லை இல்லை. ஆனால் பரீட்சைக் காலத்தில் வருடாந்த விடுமுறையை அங்கேயே வைக்க வேண்டும். லீவு பிட் செய்ய (விரும்பிய நாளைக் கேட்டு விண்ணப்பிக்க) முடியாத கம்பனி என்றால் தொடாதீர்கள்.

உள்ளூர் நிலைய வகை: நாவலயில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) போன்றவை. கட்டணம் ரூபாயில், அங்கீகாரக் கவலை இல்லை. ஆனால் பரீட்சைக்கு நேரில் போக வேண்டும், அதுவும் அவர்கள் சொல்லும் நாளில். விஞ்ஞானப் பாடம் என்றால் ஆய்வுகூடமும் சேரும்.

எந்தப் பாடம் என்று கேட்டால், விமானப் போக்குவரத்து முகாமைத்துவம் எடுத்தால் உங்கள் உரிமத்துக்குச் சில கிரெடிட் விலக்குக் கிடைக்கலாம். எத்தனை கிரெடிட் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் பிறகு நிற்காது. ஆனாலும் கணக்கியல், கணினி, சட்டம் போன்ற தரையில் நிற்கும் பட்டம் நல்லது என்பதே என் கட்சி. பறக்கக் கட்டாயமான வகுப்பு 1 மருத்துவச் சான்றிதழ் ஒருநாள் கைவிட்டுப் போனால், அதே துறையில் இன்னொரு தாள் அவ்வளவாகக் காப்பாற்றாது.

படி 3: அங்கீகாரம்

கொழும்பு 7 வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் கைநூலிலோ பெயர் உண்டா என்று பார்ப்பார்கள். கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிறுத்தாமல், இணையவழியில் படிக்கும் இந்தப் பட்டம் என்று பட்டத்தின் முழுப் பெயரையும் குறிப்பிடுங்கள்.

விமானிகளைக் குறிவைத்தே ஒரு தூண்டில் உண்டு: "உங்கள் 5000 பறப்பு மணிக்கே பட்டம், மூன்று வாரத்தில் வீட்டுக்கு வரும்." உரிமத்துக்குச் சில கிரெடிட் கொடுப்பது வேறு, முழுப் பட்டத்தையும் விற்பது வேறு. பதிலே போடாதீர்கள்.

படி 4: பெயர். பலரும் இடறும் இடம்

நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பல்கலைக்கழகப் படிவம் அதைத்தான் முதலில் கேட்கும். உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்தும் பெயரும். கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில். பறப்பு உரிமத்தில் வேறொரு வரிசை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓரிடத்தில் ஒரு 'எச்' கூடியிருக்கும், இன்னோரிடத்தில் குறைந்திருக்கும்.

விதி ஒன்றுதான்: கடவுச்சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். காரணம், இணையவழிப் பரீட்சையில் கமராவுக்கு முன் காட்டப்போவது அதைத்தான். பதிவில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் மேற்பார்வையாளர் பரீட்சையைத் தொடங்கவே விடமாட்டார். பட்டச் சான்றிதழிலும் பதிந்த பெயர்தான் வரும்.

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்குப் பட்டபடி மூன்றாவது எழுத்துக்கூட்டல் ஒன்றை உருவாக்கிவிடுவார். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, விண்ணப்பத்தோடேயே அனுப்புங்கள். கேட்டபிறகு அனுப்பலாம் என்று இருந்தால் ஒரு சேர்க்கைக் காலமே கழியும்.

இன்னொன்று: உரிமத்தில் உள்ள ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) ஆங்கிலத் தகுதி, அது மிக உயர்ந்த நிலை 6 ஆக இருந்தாலும், சேர்க்கைக்கு ஐஇஎல்டிஎஸ்ஸின் இடத்தை நிரப்பும் என்று எண்ண வேண்டாம். அது வானொலித் தொடர்புக்கான அளவுகோல்.

படி 5: திகதிகளை ஜூலுவில் (யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்) எழுதுங்கள்

இதில்தான் விமானிகள், விமானிகள் என்பதாலேயே பிழை விடுகிறார்கள். லண்டன் நேரம் என்றவுடன் மனம் ஜூலு என்று எடுத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அது சரி. மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன், ஜூலுவுக்கு ஒரு மணி முன்னால்.

ஒப்படை நண்பகல் 12 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். ஜனவரியில் அது 1200 ஜூலு, கொழும்பில் பிற்பகல் 5.30. ஏப்ரலில் 1100 ஜூலு, கொழும்பில் 4.30. ஏப்ரலில் 5 மணிக்குச் சமர்ப்பித்தவர் அரை மணி முந்திவிட்டேன் என்று நினைப்பார். உண்மையில் அரை மணி பிந்திவிட்டார். ஒக்டோபரில் தொடங்கி மே மாதத்தில் முடியும் கல்வியாண்டு இரண்டு மாற்றத்தையும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது.

அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை: கோடையில் 9.29, குளிர்காலத்தில் 10.29. அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். லண்டனோடு ஒத்துப்போகாது.

செய்ய வேண்டியது இது. தவணை தொடங்கும் நாளிலேயே எல்லாத் திகதியையும் ஜூலுவுக்கு மாற்றி ஒரே தாளில் எழுதுங்கள். ரோஸ்டர் வந்தவுடன் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு திகதிக்கும் முன்னால் வரும் கடைசி ஓய்வு நாளை வட்டமிடுங்கள். அந்த வட்டம்தான் இனி உங்கள் இறுதித் திகதி. பல்கலைக்கழகம் சொன்னதை மறந்துவிடலாம். ஸ்டான்ட்பை நாளை (அழைத்தால் பறக்கத் தயாராக இருக்க வேண்டிய நாளை) ஓய்வு நாளாக எண்ணவே கூடாது. கொழும்பு–லண்டன் ஏறத்தாழ 11 மணிப் பறப்பு. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஹொட்டேல் அறை வரை கூட்டினால் 15 மணிக்கு மேல் நீங்கள் இணையத்தில் இல்லை. ஃபோன் மணி அடித்தால் அதில் ஒப்படையும் போகும்.

சிமுலேட்டர் செக் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். அதற்கு முந்திய இரண்டு வாரத்தில் ஒப்படை விழுந்தால், ரோஸ்டர் வந்த அன்றே நீடிப்புக் கேட்டு ரோஸ்டர் பிரதியை இணைத்து அனுப்புங்கள். முன்கூட்டிக் கேட்பவரை நம்புவார்கள். கடைசி இரவில் கேட்பவருக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள்.

இதற்குச் செயலி வேண்டாம். நாட்காட்டிச் செயலிகள் நீங்கள் இறங்கும் ஊரின் நேரத்துக்குத் தாமாகவே மாறி மேலும் குழப்பும். ஏ4 தாள், சிவப்புப் பேனா.

படி 6: எப்போது படிப்பது

வளைகுடா போய்த் திரும்பும் இரவுப் பறப்புக்குப் பிறகு காலை எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். அதிகாலை 2 முதல் 6 வரை உடல் அடிமட்டத்தில் இருக்கும் நேரம். அதில் வேலை செய்தவருக்கு வாசித்தது தங்காது. தூங்கி எழுந்தபின் 90 நிமிடம் போதும். 24 மணி லேஓவரில் அப்படி இரண்டு அமர்வு கிடைத்தால் நல்ல பயணம். தூக்கத்தில் கைவைத்துப் படித்துவிட்டு அடுத்த செக்டருக்கு (பறப்புக்கு) போவது படிப்புச் சிக்கல் அல்ல, பாதுகாப்புச் சிக்கல்.

குரூஸில் (விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது) படிக்கலாமா? கூடாது. 2009 ஒக்டோபரில் நோர்த்வெஸ்ட் 188 என்ற பயணிகள் விமானம், இறங்க வேண்டிய மினியாபோலிஸைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மடிக்கணினியில் மூழ்கியிருந்ததாக விமானிகளே விசாரணையில் சொன்னார்கள். இருவரின் உரிமமும் இரத்தானது. 2014இல் அமெரிக்காவில் தனிப்பட்ட தேவைக்கு விமானியறையில் இத்தகைய சாதனங்களைப் பயன்படுத்துவதே தடையானது. பயணியாக இருக்கையில் அமர்ந்து பொசிஷனிங் (அடுத்த பணி தொடங்கும் ஊருக்கு) போகும்போது தாராளமாகப் படியுங்கள். அதைப்போல் அமைதியான வாசிகசாலை வேறு இல்லை.

படி 7: கருவிகள்

கம்பனி கொடுத்த ஐபேட்டில் படிப்புக் கோப்பு ஒன்றும் வேண்டாம். சொந்தமாக ஒரு சிறிய விண்டோஸ் மடிக்கணினி வாங்குங்கள். பல பரீட்சை மேற்பார்வை மென்பொருள்கள் டாப்லெட்டில் ஓடாது. பாடங்களைக் கிளம்புமுன் பிடிஎஃப் ஆகவே இறக்கிவையுங்கள். சீன நகரங்களில் கூகுள் டிரைவ் திறக்காது. குறிப்பெல்லாம் அங்கேதான் என்றால் லேஓவர் முழுதும் தொலைக்காட்சிதான்.

கமரா முன் எழுதும் பரீட்சையை ஹொட்டேலில் வைக்காதீர்கள். அங்குள்ள வைஃபை நடுவில் மறுபடி உள்நுழையச் சொல்லும். அந்த நொடியில் பரீட்சைத் திரை அறுந்துவிடும். கொழும்பு வீட்டில், தொடர் ஓய்வின் இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பதியுங்கள். முதல் நாள் வேண்டாம், தாமதமான பறப்பு ஒன்று அதைத் தின்றுவிடும். கரையோர ரயில்பாதைக்குப் பக்கத்து வீடு என்றால் உள்ளறைக்குப் போங்கள். ரயில் சத்தத்தையும் மென்பொருள் பேச்சுக்குரல் என்று குறித்துவைக்கக்கூடும். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் ஒன்று கட்டாயம். வாங்குமுன் ரவுட்டர் அடப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள்; மாறிப் போட்டால் ரவுட்டர் ஒன்றில் இயங்காது, இல்லையேல் எரியும்.

பின்னர் சேர்த்தவை

கட்டணம் பற்றிப் பலர் கேட்டதால்: முழுப் பட்டத்துக்கும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள், மொட்யூலுக்கு மொட்யூல் கட்டுங்கள். கூடவே அடுத்த மொட்யூலுக்கான தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாயைச் சுற்றி இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சம்பளம் ரூபாயில், கட்டணம் பவுணில் என்றால் நடுவழியில் நிற்க அது ஒன்றே போதும். வங்கி மூலம் அனுப்பினால் அனுமதிக் கடிதமும் இன்வொய்ஸும் எடுத்துப் போங்கள். இன்வொய்ஸில் மாணவர் இலக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் போய்ச் சேரும், ஆனால் யாருடையது என்று அங்கே தெரியாமல் கிடக்கும்.

உரிமத்துக்குக் கிரெடிட் கேட்டவர்களுக்கு: உரிமப் பிரதி மட்டும் போதாமல், பறப்பு மணி விவரத்தையும் கேட்கலாம். லொக்புக்கின் (பறப்பு மணிப் பதிவேட்டின்) கடைசிப் பக்கத்து மொத்தத்தைக் கம்பனியிடம் உறுதிப்படுத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறிய பிறகு பழைய கம்பனியிடம் அந்த ஒரு கையெழுத்தை வாங்குவதுதான் பாடு.