இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகளை எடைபோடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரைப் படிக்கத் தொடங்குபவரின் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு பட்டியல்தான்: மிட்வே, எல் அலமைன், ஸ்டாலின்கிராட், கூர்ஸ்க், நார்மண்டி. பட்டியலில் பிழை இல்லை. ஆனால் இவை ஏன் திருப்புமுனைகள் என்று கேட்டால், அங்கே ஜெர்மனி தோற்றது, இங்கே ஜப்பான் தோற்றது என்பதற்கு மேல் பலரால் விடை சொல்ல முடிவதில்லை. தோல்வி வேறு, திருப்புமுனை வேறு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஏறத்தாழ 80,000 வீரர்களுடன் பிரிட்டன் சரணடைந்தது. அதன் படை வரலாற்றில் அதைவிடப் பெரிய சரணாகதி இல்லை. ஆயினும் உலகப் போர் எந்தத் திசையில் சென்றுகொண்டிருந்ததோ அதே திசையில்தான் அதன் பிறகும் சென்றது.

எனவே ஒரு போரைத் திருப்புமுனை என்று எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. தோற்ற தரப்பு எதை நாடி அந்தக் களத்துக்கு வந்தது? அங்கே இழந்ததை ஈடுசெய்ய அதற்கு எவ்வளவு காலம் தேவைப்பட்டது? முந்தைய நாள் வரை அதற்குத் திறந்திருந்த எந்த வழி மறுநாள் அடைபட்டது? இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சில உண்மைப் போர்களைக் கொண்டே பார்ப்போம்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

பெரிய தாள் ஒன்றை எடுத்து, ரஷ்ய முனை, வட ஆப்பிரிக்காவும் மத்தியதரைக் கடலும், அட்லாண்டிக், பசிபிக், பர்மாவும் இந்தியப் பெருங்கடலும் என ஐந்து பத்திகளாகப் பிரித்துக்கொண்டு, நிகழ்ச்சிகளை மாத வரிசையில் நிரப்புங்கள். ஒவ்வொரு முனையையும் தனித்தனி அத்தியாயமாகப் படிக்கும்போது கண்ணுக்குப் படாத தொடர்புகள் இந்தத் தாளில் தாமாகவே தெரியவரும். எடுத்துக்காட்டாக, 1941 டிசம்பர் வரிசையைப் பாருங்கள். 5ஆம் தேதி மாஸ்கோவின் வாயிலில் சோவியத் படை எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. 7ஆம் தேதி ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 11ஆம் தேதி ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்தார். ஐரோப்பாவில் ஜெர்மனி வென்றுவிடும் என்ற கணக்கையும் சேர்த்தே ஜப்பான் போரில் இறங்கியது. அது இறங்கிய அதே வாரத்தில் அந்தக் கணக்கு மாஸ்கோவின் பனியில் பொய்த்துக்கொண்டிருந்தது.

தேதிகளை எழுதும்போது ஒரு சிறு எச்சரிக்கை தேவை. பேர்ல் ஹார்பர் தாக்குதல் 7ஆம் தேதி, மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது 8ஆம் தேதி என்று புத்தகங்களில் இருப்பதால், முன்னதே முந்தி நடந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் கோத்தா பாரு தாக்குதல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னரே தொடங்கிவிட்டது. இடையில் பன்னாட்டுத் தேதிக் கோடு இருப்பதால் வந்த வேறுபாடு இது.

நோக்கத்தையும் விளைவையும் அருகருகே வையுங்கள்

முதல் கேள்வியின் பயனை உணர, நமக்கு அருகில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தளபதி நகுமோவின் தலைமையில் வந்த ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் தாக்கின. டோர்செட்ஷையர், கார்ன்வால் என்னும் இரு குரூசர் கப்பல்களும், மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கியும் மூழ்கடிக்கப்பட்டன. இடையில் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழ, படையெடுப்பு வரப்போகிறது என்ற அச்சத்தில் சென்னையை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். இழப்புகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் இது ஜப்பானுக்குத் தெளிவான வெற்றி. ஆனால் நகுமோ வந்தது பிரிட்டனின் கிழக்குக் கடற்படையைத் துறைமுகத்திலேயே பிடித்து அழிப்பதற்காக. முன்கூட்டியே தகவல் பெற்றிருந்த அக்கடற்படையின் தளபதி சொமர்வில் தம் முதன்மைக் கப்பல்களை மாலத்தீவின் அட்டு பவளத்தீவுப் பக்கம் வைத்திருந்ததால் அந்த நோக்கம் நிறைவேறவில்லை. கிழக்குக் கடற்படை அழியாமல் தப்பியது. திருப்பம் எதுவும் நிகழவில்லை.

அதே கேள்வியை இரண்டு மாதங்கள் கழித்து நடந்த மிட்வேயிடம் கேளுங்கள். பேர்ல் ஹார்பரில் சிக்காமல் தப்பிய அமெரிக்க விமானந்தாங்கிகளை வெளியே இழுத்து அழிக்க வேண்டும் என்பதே ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் நோக்கம். மிட்வே தீவு அதற்கான தூண்டில். ஜப்பானியச் செய்திகளில் ஏஎஃப் என்று குறிக்கப்பட்ட இடம் மிட்வேதானா என்பதை உறுதிசெய்ய, அத்தீவில் குடிநீர் வடிகட்டும் கருவி பழுதாகிவிட்டதாக அமெரிக்கர் வேண்டுமென்றே வெளிப்படையாகச் செய்தி அனுப்பினர்; சில நாட்களில் 'ஏஎஃப்-இல் நீர்த்தட்டுப்பாடு' என்னும் பொருளில் ஜப்பானியச் செய்தி ஒன்று பிடிபட்டது. 1942 ஜூன் 4 அன்று, தூண்டில் போட்டவர்களுக்கே நான்கு விமானந்தாங்கிகள் போயின: அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு. இவற்றில் காகா தவிர்த்த மூன்றும் ஏப்ரலில் இலங்கைக் கடலுக்கு வந்தவை.

இழப்பைவிட ஈடு முக்கியம்

நான்கு கப்பல்கள் என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. அவற்றுக்கு ஈடாக வேறு கப்பல்கள் எப்போது வந்தன என்று தேடுங்கள். வேறு வகைக் கப்பலை மாற்றியமைக்காமல் தொடக்கத்திலிருந்தே பெரும் விமானந்தாங்கியாகக் கட்டப்பட்ட அடுத்த ஜப்பானியக் கப்பலான தைஹோ, 1944 மார்ச்சில்தான் பணிக்கு வந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே பிலிப்பைன் கடலில் மூழ்கியும் போனது. மறுபக்கத்தில், எசெக்ஸ் வகைப் பெரும் விமானந்தாங்கிகளில் முதல் கப்பல் 1942 டிசம்பர் 31 அன்று பணிக்கு வந்து, போர் முடிவதற்குள் அவ்வகையில் 17 கப்பல்கள் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தன. இந்த இரு வரிகளையும் அடுத்தடுத்து எழுதினால் மிட்வேயின் பொருள் விளங்கிவிடும்.

இதே இடத்தில் அதன் வரம்பும் விளங்க வேண்டும். பெருங்கடற்படைக்கான சட்டத்தை அமெரிக்கா 1940 ஜூலையிலேயே நிறைவேற்றியிருந்தது. மிட்வேயில் அமெரிக்கா தோற்றிருந்தாலும் கட்டுதுறைகளில் வேலை நின்றிருக்காது. ஆகவே மிட்வே போரின் முடிவை மாற்றியது என்பதைவிட, முடிவு வந்து சேரும் காலத்தைச் சுருக்கியது, பசிபிக்கில் தாக்கும் உரிமையை ஜப்பானின் கையிலிருந்து தட்டிவிட்டது என்று எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து. மேலும், ஜப்பானின் தேர்ந்த விமானிகளெல்லாம் மிட்வேயிலேயே மாண்டனர் என்று இன்றும் எழுதப்படுகிறது. அங்கே இறந்த ஜப்பானிய விமானக் குழுவினர் சுமார் 110 பேர்; அந்தப் பயிற்சி பெற்ற தலைமுறையை அரித்துத் தின்றது, ஆகஸ்டில் தொடங்கிப் பல மாதங்கள் நீடித்த குவாடல்கனால் போரும் அதையடுத்த சாலமன் தீவுப் போர்களுமே. கப்பல்கள் ஒரு நாளில் போயின, விமானிகள் ஓராண்டுக்கு மேலாகப் போயினர்; இரண்டையும் ஒரே தேதியில் அடைத்துவிடாதீர்கள்.

எதன் திருப்புமுனை என்று கேளுங்கள்

ரஷ்ய முனையில்தான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். மாஸ்கோவா, ஸ்டாலின்கிராடா, கூர்ஸ்கா என்ற வாதம் முடிவதேயில்லை. கேள்வி முழுமையாக இல்லாததே அதற்குக் காரணம். 1941 ஜூன் 22 அன்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் படையெடுத்த ஜெர்மனி, ஒரே பருவத்தில் போரை முடித்துவிடத் திட்டமிட்டிருந்தது. மாஸ்கோவில் அடைபட்டது அந்த ஒரு வழி மட்டுமே. அடுத்த கோடையில் அது மீண்டும் பெருந்தாக்குதல் தொடுத்தது. இம்முறை முழு முனையிலும் அல்ல, காக்கசஸ் எண்ணெய் வயல்களை நோக்கித் தெற்கில் மட்டும். நோக்கம் சுருங்கியதே முதல் திருப்பத்துக்குச் சான்று.

ஸ்டாலின்கிராடைப் படிக்கும்போது, இடிபாடுகளுக்குள் நடந்த தெருச்சண்டையில் மூழ்கிவிடாமல் வரைபடத்தில் நகரின் இருபுறத்தையும் பாருங்கள். ஜெர்மானியத் தளபதி பவுலசின் ஆறாம் படை நகருக்குள் சிக்கிக் கிடந்தபோது அதன் நீண்ட பக்கவாட்டைக் காத்து நின்றவை, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் போதாத, ஜெர்மனியின் கூட்டாளியான ருமேனியாவின் படைகள். 1942 நவம்பர் 19 அன்று சோவியத் படை அடித்தது அவற்றைத்தான். நான்கே நாட்களில் வளையம் மூடிக்கொண்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே அகப்பட்டனர். அவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் பொருட்களாவது தேவைப்பட்டபோது, விமானம் வழியே போய்ச் சேர்ந்தது சராசரியாக ஏறக்குறைய 100 டன். முந்தைய குளிர்காலத்தில் தெம்யான்ஸ்கில் சிறிய படையொன்றை இப்படி விமானத்தாலேயே காப்பாற்றிய அனுபவம் தந்த மிகை நம்பிக்கைக்கு ஆறாம் படை விலை கொடுத்தது. 1943 பிப்ரவரி 2 அன்று எல்லாம் முடிந்தபோது 91,000 பேர் சிறைப்பட்டிருந்தனர். சரணடைந்த நாளையே எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். போர் திரும்பிய நாள் நவம்பர் 19.

ஆனால் ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு ஜெர்மனி கார்கோவ் நகரை 1943 மார்ச்சில் மீண்டும் கைப்பற்றியது என்பதை மறைக்கக் கூடாது. தாக்கும் வலிமை முற்றிலும் போய்விடவில்லை. அது போனது ஜூலை 5 அன்று தொடங்கிய கூர்ஸ்க்கில். அதன் பிறகு கிழக்கு முனையில் ஜெர்மனி அத்தகைய பெருந்தாக்குதலைத் தொடுக்கவேயில்லை. அங்கே ஜெர்மனியைவிடச் சோவியத் தரப்பே கூடுதல் வீரர்களையும் டாங்கிகளையும் இழந்தது. பிணங்களை எண்ணி வெற்றியைக் கணிப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். சோவியத் ஒன்றியத்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடிந்தது, ஜெர்மனியால் தன் சிறிய இழப்பைக்கூட ஈடுசெய்ய முடியவில்லை.

எகிப்தின் எல் அலமைனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1942 நவம்பர் 4 அன்று ஜெர்மானியத் தளபதி ரோமெல் பின்வாங்கத் தொடங்கினார், 8ஆம் தேதி மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கின. இரண்டையும் இணைத்தே எழுதுங்கள். முதலாவதை மட்டும் தனியே தூக்கிப் பிடிப்பது பிரிட்டிஷ் நூல்களின் பழக்கம்.

களமே இல்லாத திருப்பங்கள்

அட்லாண்டிக் பத்தியில் எந்த ஊர்ப் பெயரும் இருக்காது. 1943 மார்ச்சில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல் அணிகளைச் சூறையாடிக்கொண்டிருந்தன. மே மாதத்தில் 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்த ஜெர்மானியக் கடற்படைத் தளபதி டோனிட்ஸ், அம்மாதம் 24ஆம் தேதி வட அட்லாண்டிக்கிலிருந்து அவற்றைத் திரும்ப அழைத்தார். கடலின் நடுப்பகுதி வரை பறக்க வல்ல லிபரேட்டர் விமானங்கள், சென்டிமீட்டர் அலை ராடார், துணைக்குச் செல்லும் சிறு விமானந்தாங்கிகள், சங்கேத முறியடிப்பு ஆகியவை ஒரே காலத்தில் ஒன்றுசேர்ந்ததே காரணம். இத்தகைய திருப்பத்தை எழுதும்போது தளபதியின் பெயரைத் தேடாமல், மாதாமாதம் மூழ்கிய சரக்குக் கப்பல்களின் கொள்ளளவையும் புதிதாகக் கட்டப்பட்டவற்றின் கொள்ளளவையும் இரு கோடுகளாக வரைந்து, அவை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள்.

இனி 1944 ஜூன் வரிசை மட்டும் மீதம். 6ஆம் தேதி பிரான்சின் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகளின் கரையிறக்கம், 15 அன்று பசிபிக்கின் சைபன் தீவில் அமெரிக்கரின் கரையிறக்கம், 19-20 தேதிகளில் பிலிப்பைன் கடல் போர், 22 அன்று பெலாரஸில் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியை நொறுக்கிய சோவியத் தாக்குதல். அதே 22ஆம் தேதிதான் கோஹிமாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் இந்தியப் படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் சாலையில் சந்தித்து, இம்பாலைச் சூழ்ந்திருந்த ஜப்பானிய முற்றுகையை முறித்தன. மூன்று வார உணவுடன் வந்து, இம்பாலின் கிடங்குகளைப் பிடித்து உண்ணலாம் என்று ஜப்பானியத் தளபதி முதகுச்சி போட்ட கணக்கு தவறியது. அவருடைய படையில் பாதிக்கும் மேல் போரிலும் பசியிலும் நோயிலும் அழிய, பர்மாவில் ஜப்பானால் மீண்டும் முன்னேற முடியவில்லை. பர்மாப் பத்தியில் இம்பாலுக்கு அடியில், இது திருப்புமுனை என்று காட்டத் தயங்காமல் சிவப்புக் கோடு இடலாம். நார்மண்டிக்கு அடியில் இடுவதா என்பதை, 1944 ஜூன் 5 அன்று ஜெர்மனிக்கு எந்த வழி இன்னும் திறந்திருந்தது என்று எழுதிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.