சிறிய குண்டு, மிகுந்த வேகம்: வார்மின்ட் ரைஃபிளுக்குத் தோட்டா தயாரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, வயோமிங், மான்டானா மாநிலங்களின் புல்வெளிகளில் மேய்ச்சல் நிலத்தை வளைகளால் துளைத்துவிடும் பிரெய்ரி நாய்கள் எனும் கொறிவிலங்குகளைச் (இப்படித் தொல்லை தரும் சிறு விலங்குகளை அங்கே வார்மின்ட் என்பார்கள்) சுடச் செல்பவர்கள், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் செலவிடுவதுண்டு. அத்தனையையும் கடையில் வாங்குவது கட்டுப்படியாகாது என்பதாலும், முந்நூறு கஜத்துக்கு அப்பால் கையளவே தெரியும் இலக்குக்குத் தன் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்த தோட்டா வேண்டும் என்பதாலும், அவர்களில் பலர் சுட்டு முடித்த பித்தளை உறைகளை எடுத்துவைத்துத் தாமே மீண்டும் நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு இது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், இந்தக் கட்டுரை அமெரிக்காவில் வாழ்ந்து இதில் ஈடுபடும் தமிழர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. தோட்டாவில் நிரப்ப வேண்டிய வெடிமருந்தின் (இனி மருந்து) அளவுகள் எதுவும் இதில் இல்லை. அவற்றை மருந்து, குண்டு தயாரிப்பாளர்கள் வெளியிடும் கையேடுகளில் மட்டுமே பார்க்க வேண்டும்.

.22-250 ரெமிங்டன், .220 ஸ்விஃப்ட், .223 ரெமிங்டன், .204 ரூகர், .17 ரெமிங்டன் ஆகிய இந்தக் குடும்பத்துத் தோட்டாக்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: குண்டு மிகச் சிறியது, அழுத்தமோ மிகப் பெரியது. .223க்கு அமெரிக்கத் தொழில் தர அமைப்பான சாமி வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு; .22-250க்கு 65,000 பவுண்டு. .17 ரெமிங்டனில் உறைக்குள் போகும் மொத்த மருந்தே ஏறத்தாழ இருபத்தைந்து கிரெய்ன்தான். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். பெரிய மான் வேட்டைத் தோட்டாவில் அரை கிரெய்ன் கூடினால் அது நூற்றில் ஒரு பங்கு. இதிலோ நூற்றில் இரண்டு பங்கு. பெரிய தோட்டாவில் வெளியே தெரியாமல் போகும் கவனக்குறைவு இங்கே அழுத்தமாகவோ குறி தவறலாகவோ உடனே வெளிப்பட்டுவிடும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, என் கணிப்பில் மற்ற பலவற்றுக்கும் தாய்த் தவறு, வேகத்தைத் துரத்துவது. 1935இல் வின்செஸ்டர் நிறுவனம் .220 ஸ்விஃப்டை வெளியிட்டபோது 48 கிரெய்ன் குண்டுக்கு வினாடிக்கு 4,110 அடி என்று அறிவித்தது. 2004இல் வந்த .204 ரூகர் 32 கிரெய்ன் குண்டுக்கு 4,225 அடி என்றது. இந்த எண்களைப் படித்தவர்கள் தம் துப்பாக்கியிலும் அதே எண் வர வேண்டும் என்று விரும்புகிறார்கள். ஆனால் அந்த எண்கள் குறிப்பிட்ட நீளமுள்ள சோதனைத் துப்பாக்கிக் குழலில் எடுக்கப்பட்டவை. இருபத்திரண்டு அங்குலக் குழல் வைத்திருப்பவர், இருபத்தாறு அங்குலக் குழலில் கிடைத்த வேகத்தை எட்டும் வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால், குழலின் நீளம் தந்த வேகத்தை அழுத்தத்தால் ஈடுகட்டுகிறார் என்று பொருள். கையேட்டில் தரப்பட்ட தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, சிறு சிறு படிகளாக ஏறி, இலக்கில் துளைகள் நெருக்கமான குழுவாக விழும் முதல் இடத்தில் நின்றுவிடுவதே முறை. கடைசி நூறு அடி வேகத்தால் பிரெய்ரி நாயின் நிலையில் எந்த மாற்றமும் இல்லை. பித்தளை உறையும், குண்டு நுழையும் குழலின் தொடக்கப் பகுதியான தொண்டையும்தான் அதற்கான விலையைக் கொடுக்கின்றன.

இதை ஒட்டியே வரும் இன்னொரு தவறு, அழுத்தத்தின் அறிகுறிகளை அளவுகோலாக நம்புவது. தட்டையான பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்), உறையின் அடியில் அதை வெளியே தள்ளும் எஜெக்டர் பதித்த பளபளப்பான வட்டம், தூக்கும்போது இறுகும் போல்ட் (துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) ஆகியவை தெரியும் வரை கூட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். போல்ட் இறுகும் நேரத்தில் அழுத்தம் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். பிரைமரின் கிண்ணம் தடிமனாக இருந்தால் அது தட்டையாகாமலே ஏமாற்றும்; தலையிடைவெளி (தோட்டாவுக்கும் அது அமரும் அறைக்கும் நடுவே உள்ள இடைவெளி) கூடுதலாக இருந்தால் மிதமான அழுத்தத்திலும் தட்டையாகித் தவறாக எச்சரிக்கும். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது இதைவிட நம்பகமானது. கையேடு சொல்லும் வேகத்தை எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மருந்திலேயே எட்டிவிட்டால், அழுத்தமும் எட்டிவிட்டது என்று கொண்டு அங்கேயே நிறுத்த வேண்டும்.

வெப்பத்தை மறப்பது அடுத்தது. பிப்ரவரி மாதக் குளிரில் உச்ச அளவை ஒட்டித் தேர்ந்தெடுத்த தோட்டாவை ஜூலை மாத வெயிலில், வண்டியின் முன்பலகையில் கிடந்து சூடேறிய பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டால், அது அதே தோட்டா அல்ல. மருந்து சூடேறினால் எரியும் வேகம் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. வெப்பத்தால் அதிகம் மாறாத மருந்து வகைகளும் உண்டு. ஆனால் எல்லா மருந்தும் அப்படியல்ல. தொடர்ந்து சுட்டுச் சூடேறிய சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) ஒரு தோட்டாவைத் தள்ளிவிட்டு, அடுத்த பிரெய்ரி நாய் தலை தூக்கட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருப்பதும் இதே தவறுதான். காத்திருக்க வேண்டுமானால் போல்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் குழலும் ஆறும்.

இனி பித்தளை உறைக்கு வருவோம், ஏனென்றால் கவனக்குறைவு அதிகம் தங்குவது இங்கேதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை விரிந்து சேம்பரின் வடிவத்தை எடுக்கிறது. அதை அளவாக்கும் டை எனும் அச்சுக்குள் தள்ளி மறுபடி சுருக்குகிறோம். டை பெட்டியில் உள்ள தாளில் சொன்னபடி, டை உறைப்பிடியைத் தொடும் வரை இறக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) தேவைக்கு மேல் பின்னே தள்ளப்படலாம். அந்த உறை அடுத்த முறை சுடப்படும்போது சேம்பரில் முன்னே நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிகிறது. நாலைந்து முறை இப்படி நீண்டால் அங்கே உடைந்து, உயர் அழுத்த வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்குத் தோளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளினால் போதும். அதை அளக்க, காலிப்பரில் பொருத்தும் அளவி மலிவாகவே கிடைக்கிறது. டையைத் திருகுவதற்கு முன் சுட்ட உறையை அளந்து எழுதிவைக்க வேண்டும். அளவாக்கிய பின் மறுபடி அளக்க வேண்டும்.

மெலிந்த உறையைக் கண்டுபிடிக்க ஒரு காகிதக் கிளிப் போதும். கிளிப்பை நேராக்கி, நுனியை மிகச் சிறிதாக மடித்து, கூர்மையாக்கி, உறைக்குள் விட்டு, அடியிலிருந்து உட்சுவரோடு உரசி மெதுவாக மேலே இழுக்க வேண்டும். நல்ல உறையில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலியத் தொடங்கிய உறையில், அடியிலிருந்து கால் அங்குலத்தை ஒட்டிய இடத்தில், நுனி ஒரு பள்ளத்தில் இடறி நிற்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். வெளிப்புறத்தில் அதே இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால் அந்த உறையைத் தூக்கி எறியலாம். அதோடு அதே தொகுதியில் அதே எண்ணிக்கை சுட்ட மற்ற உறைகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க வேண்டும். சரிவு குறைந்த தோளுடைய ஸ்விஃப்டில் பித்தளை முன்னோக்கி ஓடுவது அதிகம் என்பதால், அதை வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை விடவே கூடாது.

பித்தளை முன்னே ஓடும்போது கழுத்தும் நீள்கிறது. .22-250 உறையின் உச்ச நீளம் 1.912 அங்குலம், .223க்கு 1.760 அங்குலம். இதைத் தாண்டிய கழுத்து சேம்பரின் முனையில் இடித்து, குண்டை இறுகப் பற்றிக்கொள்கிறது. குண்டு வெளியேற இடமில்லாததால், சரியான மருந்து அளவிலேயே அழுத்தம் எகிறுகிறது. அளவாக்கிய பிறகே நீளத்தை அளக்க வேண்டும். அளவாக்கும்போதும் உறை நீளும் என்பதால் முன்பே அளந்து வெட்டியது கணக்கில் வராது.

உறைகளைக் கலந்து பயன்படுத்துவதும் அடிக்கடி நடப்பது. அடியில் பதித்த பெயர் வேறுபட்டால் உள்ளளவும் வேறுபடலாம். ராணுவ உறைகள் எப்போதும் தடிமனானவை, ஆகவே மருந்தைக் குறைத்தால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது .223 விஷயத்தில் எல்லா உறைக்கும் பொருந்தாது. சந்தேகமிருந்தால் சுட்ட உறையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடை பார்த்து ஒப்பிடலாம். ராணுவ உறையில் பிரைமரைச் சுற்றி நசுக்கிவிட்டிருக்கும் பித்தளையை நீக்காமல் புதிய பிரைமரை அழுத்தினால் அது நசுங்கும், சில நேரம் வெடிக்கவும் செய்யும்.

பிரைமரைப் பற்றி இரண்டு வார்த்தைகள். .223க்குச் சிறிய ரைஃபிள் பிரைமர், .22-250க்குப் பெரியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிறிய பிரைமர்கள் எல்லாம் ஒன்றல்ல. ரெமிங்டனின் 6½ என்ற எண்ணுள்ளது .22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது; .17 ரெமிங்டன், .223 போன்றவற்றுக்கு 7½ஐப் பயன்படுத்தச் சொல்வது அந்த நிறுவனமே. பிரைமரை மாற்றினால், மருந்து மாறாவிட்டாலும் மறுபடி தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

மருந்தின் பெயரில் ஏமாறுவது ஆபத்தானது. ஹாட்ஜ்டனின் எச் 4895க்கும் ஐஎம்ஆர் 4895க்கும் எண் ஒன்றே. மருந்து வேறு, ஒன்றின் அளவு மற்றதற்குச் செல்லாது. மேசையின் மீது ஒரே நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்க வேண்டும் என்பது பழைய விதி, அதைவிடச் சிறந்த விதி இன்றுவரை இல்லை. வேலை முடிந்ததும் மருந்தை அளந்து ஊற்றும் அளவியின் கூம்பில் மீதமிருப்பதை உடனே அதே டப்பாவில் கொட்டிவிட வேண்டும். மறுநாள் வந்து பார்த்து, இது எந்த மருந்து என்று யோசிக்க நேர்ந்தால், அதைப் பயன்படுத்தாமல் அப்புறப்படுத்துவது ஒன்றே வழி.

.17, .20 விட்டத் தோட்டாக்களில் மட்டும் பெரிதாகத் தலைதூக்கும் சிக்கல் ஒன்று உண்டு. குச்சி வடிவ மருந்து அளவியின் குழாயிலோ, ஒடுங்கிய உறைக் கழுத்திலோ ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்து பாலம்போல் அடைத்துக்கொள்ளும். ஓர் உறையில் மருந்து குறைவாக விழும். அடைப்பு விலகியதும் மீதி அடுத்த உறையில் சேர்ந்து விழும். ஆகவே ஒருபோதும் மருந்து ஊற்றிய கையோடு குண்டை அமர்த்தக் கூடாது. ஐம்பது உறைகளையும் மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து ஊற்றிய பின், சாய்வாக டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்மட்டத்தையும் பார்க்க வேண்டும். மட்டம் தாழ்ந்ததோ உயர்ந்ததோ உடனே கண்ணில் படும். மருந்தே விழாத உறை இன்னும் மோசம்: பிரைமரின் சக்தி மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும், சுடுபவர் தோட்டா வெடிக்கவில்லை என்று நினைத்து அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். சத்தம் மெலிந்திருந்தாலும் சந்தேகம் வர வேண்டும். போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடக் கூடாது.

மின்னணுத் தராசு காற்றோட்டத்தாலும் மின்விளக்கின் குறுக்கீட்டாலும் நகரும். சோதனை எடைக்கல்லை ஆரம்பத்தில் ஒரு முறை மட்டுமல்லாமல் நடுநடுவேயும் வைத்துப் பார்ப்பது நல்லது.

குண்டையும், அதைச் சுழற்றக் குழலின் உள்ளே வெட்டிய வரிகளின் முறுக்கையும் பொருத்திப் பார்க்காமல் வாங்குவதால் பணமும் நாளும் வீணாகின்றன. பழைய .22-250 துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குடையவை. 69 கிரெய்ன் நீண்ட குண்டு அதில் நிலைபெறாது, தாளில் பக்கவாட்டாகத் துளையிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வினாடிக்கு எத்தனை அடி என்பதை 720ஆல் பெருக்கி, முறுக்கின் அங்குலத்தால் வகுத்தால், குண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று தெரியும். 4,000 அடி வேகம், 14 அங்குல முறுக்கு என்றால் ஏறத்தாழ 2,05,700 சுற்று. 3,200 அடி, 7 அங்குலம் என்றால் ஏறத்தாழ 3,29,100 சுற்று. வேகம் குறைந்த துப்பாக்கியில்தான் சுழற்சி அதிகம். ஹார்னடியின் எஸ்எக்ஸ் போன்ற மெல்லிய உலோகத் தோல் போர்த்திய குண்டுகள் 3,500 அடி வேகத்துக்கு உட்பட்டே பயன்படுத்த உருவாக்கப்பட்டவை. அவற்றை ஸ்விஃப்டில் நிரப்பினால் குண்டு காற்றிலேயே சிதறி, குழல் வாய்க்கும் இலக்குக்கும் நடுவே சாம்பல் நிறக் கீற்று ஒன்று தோன்றி மறையும், தாளில் துளையே இருக்காது. குறி தவறியதாக எண்ணித் தொலைநோக்கியைத் திருகத் தொடங்குபவர்கள், முதலில் பெட்டியின் மேலிருக்கும் குண்டின் பெயரைப் பார்க்க வேண்டும்.

குண்டை எவ்வளவு ஆழம் அமர்த்துவது என்பதில், குழலின் வரிகளைத் தொடும்படி நீட்டி வைத்தால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சில துப்பாக்கிகளில் அது உண்மையும்கூட. ஆனால் வரியில் அழுந்திய குண்டு அழுத்தத்தை ஏற்றும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு குழலில் மாட்டிக்கொண்டு, மருந்து மட்டும் துப்பாக்கியின் உள்ளே கொட்டும். வேட்டைக் களத்தில் அத்தோடு அன்றைய நாள் முடிந்தது. ராணுவத் தரமான 5.56 நேட்டோ சேம்பரில் சரியாகப் பொருந்திய நீளமான தோட்டா, அதைவிடக் குறுகிய தொண்டையுடைய .223 சேம்பரில் வரியில் இடிக்கலாம். ஆகவே நீளத்தைத் தன் துப்பாக்கியின் சேம்பரிலேயே, குண்டின் மூக்கு நுனியிலிருந்து அல்லாமல் அதன் வளைவிலிருந்து அளந்து முடிவு செய்ய வேண்டும். தொண்டை தேயத் தேய அந்த அளவு மாறும் என்பதால், சில நூறு சுடல்களுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.

பெட்டியின் மேல் எழுதாமல் விடுவது சோம்பலால் வரும் தவறு. மருந்தின் பெயர், எடை, பிரைமர், குண்டு, உறையின் தயாரிப்பு, எத்தனையாவது நிரப்பல், தேதி ஆகியவற்றோடு எந்தத் துப்பாக்கிக்கு என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே .22-250 பெயருடைய இரண்டு துப்பாக்கிகளின் சேம்பர்கள் ஒன்றாக இருப்பதில்லை. எழுதாத பெட்டி அலமாரியில் கிடைத்தால் நினைவை நம்பிச் சுட வேண்டாம். மற்றவர் நிரப்பித் தந்த தோட்டாவுக்கும் இதே விதி. இழுப்பியால் குண்டைப் பிடுங்கி, மருந்தை எந்த டப்பாவிலும் சேர்க்காமல் அப்புறப்படுத்தி, உறையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.