வாடகைக்கு சின்னதா ஒரு வீடு எடுத்திருக்கீங்களா? தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

சென்னைக்கு புதுசா வேலைக்கு வந்து வேளச்சேரி, பெருங்குடி, மேடவாக்கம் பக்கம் சிங்கிள் பெட்ரூம் வீடு எடுக்கற எங்க சொந்தக்கார பசங்க, ஆபீஸ் பசங்க எல்லாம் பால் காய்ச்சின கையோட என்னைத்தான் கூப்பிடுவாங்க, "அக்கா, இடமே பத்தல, ஒரு தடவை வந்து பாருங்க"ன்னு. போய் பாத்தா நான் அந்த வயசுல பண்ணின அதே தப்பு, அப்படியே இருக்கும். வேண்டாததை தூக்கிப் போடுங்க, செருப்பு ஸ்டாண்ட் வாங்குங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதை சொல்லி உங்க நேரத்தை வீணாக்க மாட்டேன். காசையும் இடத்தையும் சேத்து முழுங்கறதை மட்டும் சொல்றேன்.

வீட்டை பாக்காமலே பெட்ரூம் செட் வாங்கறது

இதை நினைச்சாலே எனக்கு இன்னிக்கும் கோவம் வருது. கல்யாணம் பேசி முடிச்சதுமே சீருக்குன்னு கடைக்குப் போய் கிங் சைஸ் பெட்டிக் கட்டில், மூணு கதவு வார்ட்ரோப், டிரெஸ்ஸிங் டேபிள்னு ஒரே செட்டா எடுத்துடறாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் எந்த வீட்ல இருக்கப் போறாங்கன்னே அப்ப முடிவாகியிருக்காது. ஷோரூம்ல கூரை உசரம், தரை விசாலம், அங்க நிக்க வெச்சா எந்த கட்டிலும் அளவாத்தான் தெரியும்.

என் சித்தப்பா பொண்ணுக்கு இதான் நடந்துச்சு. மதுரையில வாங்கி லாரியில ஏத்தி அனுப்பிட்டாங்க. இங்க வீடு ரெண்டாவது மாடி, பெட்ரூம் 10க்கு 10. கணக்கு போட்டு பாருங்க. ரூம் 120 இன்ச். கிங் சைஸ் மெத்தையே 72 இன்ச் அகலம், கட்டில் சட்டம் சேந்தா 75 கிட்ட வந்துடும். மிச்சம் 45. வார்ட்ரோப் ஆழம் 21 போனா நடக்கறதுக்கு ரெண்டே அடி, அதுலயும் வார்ட்ரோப் கதவு திறந்தா 16 இன்ச் வெளிய வரும், அப்புறம் ஆள் எங்க நிக்கறது, கட்டில் மேல ஏறி உக்காந்துதான் புடவை எடுப்பா. சுவிட்ச் போர்டு வார்ட்ரோப்புக்கு பின்னாடி மாட்டிக்கிச்சு, ஃபேன் போடணும்னா சந்துல கையை விட்டு தடவணும். டிரெஸ்ஸிங் டேபிள் ஹாலுக்கு போயிடுச்சு, ஃப்ரிட்ஜ் பக்கத்துல.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி"ன்னு கேட்டேன். "அப்பா ஆசையா வாங்கினாருக்கா, எப்படி சொல்றது"ன்னா. அந்த ஆசையை நான் குறையே சொல்ல மாட்டேன். சித்தப்பா ரிட்டயர்மெண்ட் காசுல வாங்கினது அது, அதனாலதான் எனக்கு இன்னும் மனசு ஆறல.

கதை அதோட முடியல. அக்ரிமெண்ட் 11 மாசம், முடிஞ்சதும் ஓனர் மகன் வர்றான்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அந்த செட் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை பசை போட்டு அழுத்தின பலகை. ஒரு தடவை ஸ்க்ரூவை கழட்டினா ஓட்டை பிடிமானம் விட்டுடும், மறுபடி மாட்டினா ஆடும். பள்ளிக்கரணையில அடுத்த வீடு தரைத்தளம், வார்ட்ரோப் கதவு ஒண்ணு சாஞ்சே நின்னுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப, பெட்டிக் கட்டிலுக்கு கால் கிடையாது பாருங்க, தரையோட தரையா உக்காந்திருக்கறது, உள்ள வெச்சிருந்த பட்டுப்புடவை சர்டிஃபிகேட் எல்லாம் ஊறிப்போச்சு, பலகை உப்பி பிளந்துடுச்சு. கடைசியில கார்ப்பரேஷன் குப்பை லாரிதான் எடுத்துட்டு போச்சு.

அதனால குடிபோனா முதல் ஒரு மாசம் தரையில மெத்தை போட்டு படுங்க, ஒண்ணும் ஆகாது. கட்டில் அளவை சாக்பீஸ்ல தரையில வரைஞ்சு அதை மிதிக்காம ரெண்டு மூணு நாள் நடமாடி பாருங்க, ரூம் கதவு முழுசா திறக்குதா, ஜன்னல் கிட்ட போக முடியுதா, எந்த பிளக் மறையுதுன்னு தெரிஞ்சுடும். கட்டில் கால் வெச்சதா எடுங்க, அடியில ஒரு அடி உசரம் இருந்தா சூட்கேஸும் போகும், பெருக்கவும் முடியும். மூணடி சிங்கிள் கட்டில் ரெண்டை ஒட்டி போட்டா ஆறடி, எந்த படிக்கட்டு திருப்பத்துலயும் ஏறிடும். துணிக்கு பழைய மாதிரி இரும்பு பீரோவே போதும், ஆறரை அடி உசரம், மூணடி அகலம், எத்தனை வீடு மாத்தினாலும் கழட்டி மாட்டற வேலை கிடையாது, வித்தாலும் காசு வரும். சீர் விஷயத்துல "இப்ப எதுவும் வாங்காதீங்க மாமா, எங்களுக்கு வேணுங்கறதை நாங்க வீட்டை பாத்து வாங்கிக்கறோம்"னு மாப்பிள்ளை வாயால சொல்லணும், பொண்ணு சொன்னா வீட்ல எடுபடாது.

ப்ரோக்கர் சொல்ற அளவை நம்பறது

டேப் கொண்டு போங்க. படிக்கட்டு திருப்பத்தையும் அளங்க.

சிலிண்டரை பெட்டிக்குள்ள அடைக்கறது

மேடைக்கு கீழ இடம் அடைக்குது, பாக்க நல்லால்லன்னு சிலிண்டரை சுத்தி பலகை அடிச்சு கதவு போட்டு மூடி, பக்கத்துலயே அரிசி டின், எண்ணெய் டின் அடுக்கி வெச்சிருந்ததை போன மாசம் ஒரு வீட்ல பாத்தேன், பகீர்னுச்சு. கேஸ் காத்தை விட கனம், லீக் ஆனா தரையோரம் தேங்கி நிக்கும். அதனால அந்த இடம் திறந்தே இருக்கணும், இல்ல கதவுல மேலயும் கீழயும் காத்து போக வழி இருக்கணும். சிலிண்டர் நிமிந்துதான் நிக்கணும், ரெகுலேட்டரை மூட கை சட்டுனு எட்டணும். அரிசி டின்னுக்கு வேற இடம் பாருங்க.

டாப் லோடு வாஷிங் மெஷினுக்கு மேல ஷெல்ஃப் அடிக்கறது

மூடி மேல திறக்கும். அதுக்கு எவ்வளவு உசரம் வேணும்னு திறந்து அளந்துட்டு அடிங்க.

பால்கனியை ஸ்டோர் ரூம் ஆக்கறது

காலி அட்டைப்பெட்டி, உடைஞ்ச கூலர், பழைய சைக்கிள் எல்லாம் பால்கனிக்கு போயிடும், வீடு பெருசான மாதிரி இருக்கும், ஐப்பசி கார்த்திகை வர்ற வரைக்கும். அடைமழையில துணி எங்க காயப் போடுவீங்க? பெட்ரூம்ல கொடி கட்டி ஈரத் துணி தொங்கவிட்டா நாலே நாள்ல ஓதம் ஏறி, பீரோவுக்கு பின்னாடி சுவர்ல கறுப்பா பூஞ்சை பிடிச்சுக்கும், உள்ள இருக்கற துணியும் வாடை அடிக்கும். கயிறு இழுத்தா மேல ஏறுமே, அந்த சீலிங் ஹேங்கரை பால்கனியில மாட்டி அதுக்குக் கீழ நடக்க இடம் விடுங்க. பீரோவையும் சுவர்ல இருந்து ரெண்டு இன்ச் தள்ளி வைங்க.

பரண்ல தினமும் எடுக்கற சாமான்

வேண்டாம். தீபாவளிக்கு தீபாவளி எடுக்கற முறுக்கு அச்சுக்குத்தான் பரண்.

ஓனரை கேக்காம டிரில் போடறது

2017 தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதிக்கலன்னா 3 மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக் கூடாது. ஆனா நடைமுறையில 5, 6, சில இடத்துல 10 மாசம் கூட வாங்கறாங்க. அவ்வளவு காசு அவங்க கையில இருக்கும்போது ஒவ்வொரு ஓட்டைக்கும் காலி பண்ற அன்னிக்கு பிடிச்சுப்பாங்க. எத்தனை ஓட்டை, எந்த சுவர்னு வாட்ஸ்அப்ல கேட்டு பதில் வாங்கிட்டு போடுங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் மட்டும் டிரில் வைக்கவே வைக்காதீங்க, உள்ள வயர் ஓடும். ரேக் வேணும்னா ஓட்டையே தேவைப்படாத இரும்பு ஆங்கிள் ரேக் இருக்கு, தரையில நிக்கும், போகும்போது கூடவே வரும்.

பிவிசி பாத்ரூம் கதவுல கொக்கி

தாங்காது. ஈரத் துண்டு ரெண்டு மாட்டினாலே கீல் கிட்ட கிழிய ஆரம்பிச்சுடும்.