குண்டு போட்டது யார்? பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ரஷ்யாக்காரங்க உக்ரைன் மேல குண்டு போடுறாங்க." 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு நம் பேச்சில் சர்வசாதாரணமாகிவிட்ட வாக்கியம். படையெடுக்க உத்தரவிட்டது புதினின் அரசு. 'ரஷ்ய அரசு' என்று சொல்லாமல் விட்டால் பழி 14 கோடிப் பேர் மேல் போய் விழுகிறது.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது, "அந்த மக்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள்?" என்ற கேள்வி. எல்லாரும் சும்மா இருக்கவில்லை. போர் தொடங்கிய அன்றே மாஸ்கோவில் தெருவில் இறங்கியவர்கள் கைதானார்கள். அடுத்த மாதமே, ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் வந்துவிட்டது. மாஸ்கோவில் ஒரு வட்டார கவுன்சிலர், அலெக்ஸி கோரினோவ். உக்ரைனில் குழந்தைகள் சாகும்போது இங்கே குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி எதற்கு என்று மன்றக் கூட்டத்திலேயே கேட்டார். 7 ஆண்டு சிறை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சாஷா ஸ்கோச்சிலென்கோ என்ற ஓவியர், கடையில் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டுப் போர் எதிர்ப்பு வாசகங்களை வைத்தார். அவருக்கும் 7 ஆண்டு.

"அவங்கதானே ஓட்டுப் போட்டாங்க" என்பார்கள். போரை எதிர்த்துப் பேசிய போரிஸ் நதேழ்தினை 2024 அதிபர் தேர்தலில் போட்டியிடவே விடவில்லை.

சரி, அதற்காக மக்கள் எல்லாரும் அப்பாவிகள், அரசு மட்டும்தான் கெட்டது என்று பேசுவதும் தவறுதான். போரை மனதார ஆதரிக்கிற ரஷ்யர்களும் இருக்கிறார்கள். எதிர்த்தவர்களையும் ஆதரித்தவர்களையும் ஒன்றாக்கினால், சிறைக்குப் போனவர்களின் துணிச்சலுக்கு மதிப்பே இல்லாமல் போகும். ஆதரவு இத்தனை சதவீதம் என்று கருத்துக்கணிப்பை வைத்து அடித்துப் பேசவும் வேண்டாம். வாயைத் திறந்தால் வழக்கு வரும் என்கிற நாட்டில், முன்பின் தெரியாதவர் கேட்டால் யார் மனதில் இருப்பதைச் சொல்வார்கள்?

கலைஞர்கள் மேல் காட்டும் கோபமும் இப்படித்தான். 2022 மார்ச்சில் பிரிட்டனின் கார்டிஃப் நகர இசைக்குழு ஒன்று ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் இசையை நிகழ்ச்சியிலிருந்து நீக்கியது. அவர் இறந்தது 1893இல்.

அப்புறம், ஒரு ரஷ்யரை நேரில் சந்தித்தால் எடுத்த எடுப்பில் "போரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் கேட்கவே கேட்காதீர்கள். அவர் சொல்லும் பதிலை யாராவது வீடியோ எடுத்துப் போட்டால், ஊரில் இருக்கும் அவர் குடும்பத்துக்குத்தான் ஆபத்து. ஊர், வேலை, சாப்பாடு பற்றிப் பேசுங்கள். போரைப் பற்றிப் பேச நினைத்தால் அவரே ஆரம்பிப்பார்.