"ஆட்டிசம்னா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க

ஆட்டிசம் உள்ள என் பையன் சின்ன வயசுலேர்ந்தே பாட்டில் மூடிய எல்லாம் வரிசையா அடுக்கி வச்சிட்டு அது பக்கத்துலயே படுத்துக்கிட்டு ஏதோ ராகம் இழுப்பான், அவ்ளோ சந்தோஷம் அவனுக்கு. ஒன்பது வயசுல வாசல்ல கிடக்குற செருப்ப நேராக்க ஆரம்பிச்சான். நேராக்குவான், ரெண்டடி போவான், திரும்ப வந்து மறுபடி நேராக்குவான், கண்ணுல தண்ணி கொட்டும், ஸ்கூல் வேன் போயிடும். டாக்டர்கிட்ட சொன்னா "ஆட்டிசம் பசங்க அடுக்கத்தான்மா செய்வாங்க"ன்னு அனுப்பிட்டாரு. ஒரு வருஷம் கழிச்சு வேற ஒரு குழந்தைகள் மனநல டாக்டர்தான் இது ஓசிடின்னு, அதாவது வேண்டாம்னாலும் ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வர்ற மனநலப் பிரச்சினைன்னு கண்டுபிடிச்சாங்க. மூடிய அடுக்குனது பிடிச்சு செஞ்சது, செருப்பு விஷயம் நிறுத்த முடியாம தவிச்சு செஞ்சது. அந்த ஒரு வருஷத்த நெனச்சா இன்னும் மனசு ஆறல.

இது அபூர்வம் இல்லங்க. 2008ல வெளிவந்த ஒரு இங்கிலாந்து ஆய்வுல ஆட்டிசம் உள்ள 112 பசங்கள பாத்ததுல பத்துல ஏழு பேருக்கு கூடவே இன்னொரு மனநலப் பிரச்சினையாவது இருந்துச்சு, சமூக பயமும் (நாலு பேர் முன்னாடி போகவே பயப்படுறது) ஏடிஹெச்டியும் (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்குற பிரச்சினை) அதுல நிறைய.

மொதல்ல ஒரு நோட்டு போடுங்க. தூக்கம், சாப்பாடு, பிடிச்ச விளையாட்டு, எவ்ளோ நேரம் கத்துறான், எல்லாம் தேதி போட்டு எழுதுங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடாதீங்க, போன வருஷம் இவனே எப்படி இருந்தான்னு பாருங்க. உசிரா வச்சிருந்த பொம்மைய திரும்பிக்கூட பாக்கலன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருந்தா, ஸ்கூல் பேக்க பாத்தாலே வாந்தி எடுத்தா, அது புதுசா வந்த ஏதோ ஒண்ணு.

ஆனா மனசுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உடம்ப பாத்துடணும். பல்லு வலி, காது வலி, மலச்சிக்கல், வலிப்பு, இதெல்லாம் சொல்லத் தெரியாத பிள்ளை தலைய சுவத்துல முட்டிக்கும்.

ஏடிஹெச்டி சந்தேகம்னா வீடு, ஸ்கூல் ரெண்டு இடத்துலயும் அப்படி இருக்கானான்னு டீச்சர்கிட்ட எழுதி வாங்குங்க, ஸ்கூல்ல மட்டும்னா அந்த சத்தம் தாங்காமகூட இருக்கலாம். 2013 வரைக்கும் டிஎஸ்எம்ங்கற, மனநல டாக்டருங்க நோய கண்டுபிடிக்கப் பாக்குற அமெரிக்க கையேட்டு விதிப்படி ஆட்டிசத்தோட சேத்து ஏடிஹெச்டின்னு எழுதவே கூடாது, அதனால ரெண்டும் சேந்து வராதுன்னு இன்னும் யாராவது சொன்னா அது பழைய கதை.

டாக்டர் ரூம்ல நடந்தத சொல்றேன். "பயமா இருக்கா?"ன்னு கேட்டாங்க, இவன் "பயமா இருக்கா"ன்னு அப்படியே திருப்பி சொன்னான். இத வச்சு என்ன முடிவு பண்றது? நான் போன்ல எடுத்து வச்சிருந்த செருப்பு வீடியோதான் கைகொடுத்துச்சு. நீங்களும் எடுத்து வைங்க, ரெண்டு நிமிஷம் போதும், பிள்ளை அப்படி செய்ய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னும் தெரியணும்.

போறது குழந்தைகள் மனநல டாக்டர்கிட்ட, ஆட்டிசம் பசங்கள பாத்துப் பழகினவங்களா விசாரிச்சுட்டுப் போங்க. பெங்களூர்ல இருக்குற மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல குழந்தைகளுக்குன்னே தனித் துறை இருக்கு. எங்க போறதுன்னே தெரியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். மாத்திரை குடுத்தா கம்மி டோஸ்ல ஆரம்பிப்பீங்களான்னு கேளுங்க, ஆட்டிசம் பசங்களுக்கு பக்கவிளைவு சுலபமா வரலாம்.

சாகணும்னு பேசினாலோ, தன்ன ரத்தம் வர்ற அளவுக்கு காயப்படுத்திக்கிட்டாலோ, சாப்பாடே நிறுத்திட்டாலோ நோட்டு எழுதிட்டு உக்காராதீங்க, அன்னிக்கே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.