மெனிஞ்சைட்டிஸ் ஊசி: பிளேன் ஏறப்போற பசங்க பண்ற தப்புங்க

ஜூன் பொறந்தா எங்க டிராவல் கிளினிக்குல கூட்டம்தான். அமெரிக்கா படிக்கப்போற பசங்க, கையில யூனிவர்சிட்டி ஃபார்ம், கூடவே அப்பா அம்மா. ஊசி போடுறது என் வேலை. கார்டை வீட்டுல மறந்துட்டு வர்றது, ஃபார்ம்ல பேரு ஸ்பெல்லிங் தப்பாகுறது எல்லாம் விடுங்க, சரி பண்ணிக்கலாம். கீழ சொல்றதுதான் பேட்ச் மாறினாலும் மாறவே மாட்டேங்குது.

"சின்ன வயசுலயே எல்லாம் போட்டாச்சு சிஸ்டர்"

இல்ல. மெனிஞ்சைட்டிஸ்னா மூளையைச் சுத்தியிருக்கற உறையில வர்ற தொற்று, அதை உண்டாக்குற மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியாவுக்கான ஊசிதான் ஃபார்ம்ல கேக்கறது. நம்ம அரசு தடுப்பூசி அட்டவணையில இந்த மெனிங்கோகாக்கல் ஊசி கிடையாது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கார்டைக் காட்டுறது

அது கொசு பரப்புற வைரஸ். இது எச்சில், இருமல் வழியா பரவுற பாக்டீரியா. ஊசியே வேற.

கடைசி வாரத்துல ஓடி வர்றது

டெக்சாஸ்ல சட்டப்படி 22 வயசுக்குக் கீழ இருக்கறவங்க செமஸ்டர் தொடங்க 10 நாள் முன்னாடியே போட்டிருக்கணும், அதுவும் கடந்த 5 வருஷத்துக்குள்ள போட்டதா இருக்கணும். ஊசி வேலை செய்ய நாள் ஆகும், அதான். "சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு ஒரு அப்பா சொன்னாரு. அந்தச் சட்டத்துக்கு ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் பேருதான் வெச்சிருக்காங்க. ஜேமி ஷான்பாமுக்கு 2008ல இது வந்து ரெண்டு காலும் விரல்களும் போச்சு, நிக்கோலிஸ் வில்லியம்ஸ் 2011ல இறந்தே போயிட்டான்.

"ஊசி போட்டாச்சுல்ல, இனி அது வராது"

இதைக் கேட்டாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஃபார்ம்ல கேக்கறது பெரும்பாலும் ஏ, சி, டபிள்யூ, ஒய் நாலு வகைக்கான ஊசி, பி வகை அதுல இல்லவே இல்ல. 2013ல நியூ ஜெர்சில இருக்கற பிரின்ஸ்டன் யூனிவர்சிட்டில பரவுனது அந்த பி தான். அந்த மாநிலத்துல ஹாஸ்டல்ல தங்கணும்னா அந்த நாலு வகைக்கான ஊசி அப்போ கட்டாயமா இருந்துச்சு, பசங்க போட்டுட்டுதான் இருந்தாங்க, அப்பவும் வந்துச்சு. அப்போ அமெரிக்காவுல பி ஊசிக்கு லைசென்ஸே இல்லாததால தனி அனுமதி வாங்கி வரவழைச்சுப் போட்டாங்க. இப்போ அங்க கிடைக்குது, போய் இறங்கினதும் ஹெல்த் சென்டர்ல கேளுங்க, ஒரு டோஸோட முடியாது, எந்த கம்பெனி ஊசியில ஆரம்பிக்கிறீங்களோ அதுலயே முடிக்கணும்.

நான் ஊசி போட்டு அனுப்புன ஒரு பையன் அங்கிருந்து கூப்பிட்டான். ரூம்மேட்டுக்கு கடும் ஜுரம், தலைவலி, கழுத்தை மடக்க முடியல, லைட் போட்டா கண்ணை மூடிக்கறானாம், காலைலேர்ந்து டோலோ குடுத்துப் படுக்க வெச்சிருக்காங்க. "அவனும் ஊசி போட்டவன்தான் சிஸ்டர், அதுவா இருக்காதுல்ல?" எனக்கு வந்த கோவத்துக்கு, ஃபோனை வெச்சுட்டு எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போடான்னு கத்திட்டேன். கடைசில வேற ஏதோ வைரல்தான், பையன் தப்பிச்சான். ஆனா அரை நாளு போச்சே! நிஜமாவே அதுவா இருந்திருந்தா அந்த அரை நாள்ல ஆளே போயிருக்கலாம், ட்ரீட்மெண்ட் குடுத்தும் நூறு பேர்ல பத்துப் பதினஞ்சு பேர் இறக்கற வியாதி இது. "உடம்புல புள்ளி எதுவும் இல்லையே"ன்னு வேற கேட்டான். இந்த வியாதில தோல்ல வர்ற சிவப்பு, ஊதாப் புள்ளியைச் சொல்றான். அது பல நேரம் கடைசிலதான் வரும், வராமலும் போகும், நம்ம கலர் தோல்ல சட்டுன்னு தெரியாது, உள்ளங்கை, பாதம், கண்ணிமை உள்பக்கம்னு பாக்கணும். அதுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ரூம்மேட்டுக்கு உறுதியானா ஒதுங்கிக்கிறது

ஊசி போட்டிருந்தாலும் கூட தங்கினவங்க ஆன்டிபயாட்டிக் எடுக்கணும், முடிஞ்சவரை 24 மணி நேரத்துக்குள்ள. ஹெல்த் சென்டர்ல கூப்பிட்டா கிளாஸ் இருக்குன்னு சொல்லாம போங்க.